அத்தானின் வலது காது

அந்தக் கவரைச் சுருட்டாதிய அண்ணாச்சி. ஸ்கேன் படத்துல மடிப்பு விழுந்தா அடுத்த தடவை டாக்டரு மூஞ்சியச் சுளிப்பாவ. சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நிமித்திச் செருவிருங்க. ஆங், அப்பிடித்தான்.

ஜன்னலோரம் இருக்கது அம்மாவா? கேக்கவே வேண்டாம், மூக்கை அப்பிடியே உங்களுக்குக் குடுத்திருக்காவ. நல்லா அசந்து தூங்குதாவ. தலையில துண்டு, வலது காதுக்குப் பின்னால பிளாஸ்திரி. வயித்துலயும் ஒரு கட்டு இருக்கணுமே? இருக்குல்லா? அப்ப அதேதான். தலைக்குள்ள தண்ணி. மண்டையிலேருந்து வயித்துக்கு ட்யூப் வச்சிருக்காவ. இவனுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கியளா? அண்ணாச்சி, நீங்க ஆவுடையப்பன் பக்கத்துல வந்து உக்காந்திருக்கிய. இந்த பஸ்ஸுல இதைவிட நல்ல சீட்டு உங்களுக்குக் கிடையாது.

அம்மா தலை கம்பியில முட்டுது பாருங்க. என் காலடியில இருக்க இந்தப் பையைத் தலைக்கு வைக்கியளா? மேல துண்டு மடிச்சு வச்சிருக்கேன், மெத்துன்னு இருக்கும். வேண்டாமா. சரி, கூச்சப்படாதிய, வேணும்னா கேளுங்க. உள்ள சாமான்தான். மதுரைக்குச் சாமான் வாங்கத்தான் வந்தேன்.

நீங்க எங்க இறங்கணும்? ராஜபாளையமா. நான் சங்கரன்கோவில். நல்ல நேரம் இருக்கு. எங்க அத்தான் கதையைச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. உங்களுக்குத் தைரியமா இருக்கும். நடுவுல கொஞ்சம் ரத்தம் வரும், அதுக்குப் பயந்துராதிய. முடிவு நல்ல முடிவுதான்.

அத்தான்னா எங்க அக்கா உலகம்மாளோட வீட்டுக்காரர். கோமதிநாயகம்னு பேரு. கோமதி சவுண்ட் சர்வீஸுன்னு எங்க பக்கம் கேட்டுப் பாருங்க. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா, கட்சி மீட்டிங்கு, எதுவானாலும் மைக்செட்டு அத்தான்தான். நான் அவுகளுக்கு வலது கை மாதிரி. எங்க அக்கா, வலது கை இல்லல, நீ வலது வாய்ம்பா. அவ பேச்சை விடுங்க.

அத்தானுக்குன்னு ஒரு பழக்கம் உண்டு. மரத்துல கட்டுற குழாய்க்குப் பின்னால உருண்டையா, கனமா ஒரு சாமான் இருக்கும், பாத்திருப்பிய. சத்தமே அதுக்குள்ளேருந்துதான் வரும். நாங்க யூனிட்டும்போம். கொடைக்கு முந்தி ஒவ்வொரு யூனிட்டாக் கழட்டி, மெதுவா ஒரு பாட்டை ஓட விட்டு, அதைக் காதோட ஒட்ட வச்சுக் கண்ணை மூடிக்கிடுவாவ. உள்ள இருக்க சவ்வு லேசாக் கிழிஞ்சிருந்தாலும் கிழிஞ்சிருக்குன்னுருவாவ. குழாய்க்கு அடியில நின்னு நின்னு இடது காது எப்பவோ மந்தமாப் போச்சு. அதனால எல்லாமே வலது காதுதான். பிள்ளையைத் தோள்ல சாய்ச்ச மாதிரி யூனிட்டைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்பாவ. சில சமயம் அப்பிடியே தூங்கியும் போயிருவாவ.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு நடை தளந்து போச்சு. கால் தரையில ஒட்டிக்கிடும் அண்ணாச்சி. எடுத்து வைக்கணும்னு நினைப்பாவ, கால் வராது. சின்னச் சின்னதா இழுத்து இழுத்து நடப்பாவ. அடுத்தாப்ல மறதி. ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணிட்டு ஏன் பண்ணுனோம்னு நிப்பாவ. அதுக்கும் அடுத்தாப்ல, சொல்லக் கூடாது, வேட்டியில தன்னால போயிரும். உங்க அம்மாவுக்கும் இதே மூணும்தானே? பாத்தியளா. ஊர்ல எல்லாம் வயசாயிட்டுன்னாவ. குடிக்க ஆரம்பிச்சுட்டார்னு கூடச் சொன்னான் ஒருத்தன். கண்ணு பட்டிருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான்தான். எங்க ஊருக்குள்ள அப்ப பெரிய பெரிய பாக்ஸ் செட்டுக்காரன்லாம் வந்துட்டான். அவனுவ கண்ணு சும்மா இருக்குமா?

வாசல்ல ஒரு பூசணிக்காயை உடைச்சேன். அத்தான் அதுல வழுக்கி விழுந்துட்டாவ.

சிரிக்காதிய. விழுந்ததுனாலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். போனதுனாலதான் ஸ்கேன் எடுத்தாவ. எடுத்ததுனாலதான் தலைக்குள்ள தண்ணி கட்டியிருக்குன்னு தெரிஞ்சுது. ஆக, யாரால தெரிஞ்சுது? அந்தக் கணக்கை மட்டும் எங்க வீட்ல யாரும் போட்டுப் பாக்க மாட்டாவ.

மதுரைல ஒரு டாக்டரம்மா. நல்ல பொறுமைசாலி. முதுகுல ஊசியைப் போட்டுக் கொஞ்சம் தண்ணியை எடுத்துப் பாத்தாவ. எடுத்த அன்னைக்கே அத்தான் வராண்டாவுல காலைத் தூக்கி வச்சு நடந்தாவ அண்ணாச்சி. அக்கா வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதா. அப்பறம் ட்யூப் வச்சாவ. வலது காதுக்குப் பின்னால தோலுக்கு அடியில ஒரு வால்வு. தண்ணி கூடப் போகணுமா, குறையப் போகணுமான்னு அந்த வால்வுல வச்சுக்கிடலாம். அறுக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம், வெளியில இருந்தே ஒரு கருவியை வச்சுத் திருகிக்கிடலாம்னாவ. நான் உடனே சொன்னேன், வால்யூம் குமிழ் மாதிரின்னு. டாக்டரம்மாவே, கரெக்டா சொல்றீங்களேன்னாவ.

ஆபரேஷன் முடிஞ்சு அத்தானுக்குத் தெளிவு வந்துது பாருங்க, அப்பிடி ஒரு தெளிவு. என்னைப் பாத்துச் சொன்ன முதல் வார்த்தை, ‘ஏல ஆவுடை, போன வருசம் கல்லூத்துக் கல்யாணத்துல தொலைச்சியே நீள வயரு, அது கெடைச்சுதா?’ அவுகளுக்கு அது மறந்தே போச்சுன்னு நான் நிம்மதியா இருந்தேன். ஞாபகம் வந்ததுல எனக்குச் சந்தோசம்தான், அந்த வயரைத் தவிர.

வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு டாக்டரம்மா கூப்பிட்டு விட்டாவ. அக்கா எதுத்த கோயிலுக்குப் போயிருந்தா. நான்தான் போய் உக்காந்தேன். வெவரமாச் சொன்னாவ. தலைவலி வந்தா, வாந்தி வந்தா, தூக்கத்துலயே கெடந்தா உடனே கூட்டிட்டு வாங்க. கீழ விழாமப் பாத்துக்கோங்க. தலைக்குப் பக்கத்துல காந்தம் எதையும் கொண்டு போகாதீங்க, வால்வு தானாத் திரும்பிடும். எல்லாத்துக்கும் தலையை ஆட்டுனேன். காந்தத்தை எவன் அண்ணாச்சி கொண்டு போய்த் தலையில வைக்கப் போறான்? அக்காகிட்ட முக்கியமானதை மட்டும் எடுத்துச் சொன்னேன். அவளும் எத்தனையத்தான் மனசுல வச்சுக்கிடுவா, பாவம். தயிரு சேக்கலாமாம்னு சொன்னேன்.

இது கல்லுப்பட்டியா? இல்ல, இன்னும் வரல. டிரைவரு பஸ்ஸை என்ன இந்த ஆட்டு ஆட்டுதான். அம்மா தலைக்குப் பையை வைக்கட்டுமா? வேண்டாமா. உங்க தோள் இருக்கா, சரி சரி.

எங்க ஊர் முப்பிடாதி அம்மன் கொடை நெருங்கிட்டு. அத்தான் தலையெடுத்த நாள்லேருந்து அந்தக் கொடைக்கு மைக்கு அவுகதான், வேற யாரும் கட்டுனது கிடையாது. இந்தத் தடவை வரி பிரிக்குற ஆளுக வீட்டுக்கு வந்து, ‘கோமதி அண்ணாச்சி ஓய்வெடுக்கட்டும், பாக்ஸ் செட்டுக்குச் சொல்லிருவோமா’ன்னு அக்காகிட்ட இழுத்தாவ. அத்தான் கட்டில்ல உக்காந்துக்கிட்டுக் கேட்டாவ. சோத்தைப் பாதியில வச்சுட்டாவ. ட்யூப் வச்சு நடக்க ஆரம்பிச்ச மனுசன், மைக்செட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு அக்கா சொல்லி வீட்டுக்குள்ளயே கெடக்காவ. மூஞ்சி செத்துப் போச்சு. எனக்குப் பொறுக்கல அண்ணாச்சி. கொடைக்கு நாமதான் கட்டுதோம்னு நானே வாக்கு குடுத்துட்டேன்.

குடுத்தாச்சு. ஆனா யூனிட்டு பூராவும் கரகரங்குது. எனக்கு அது பிடிபடாது, என் காது அவுக காது இல்ல. அப்பதான் ஒரு யோசனை. அத்தானைச் செட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது, அம்புட்டுதானே. செட்டை அத்தான்கிட்ட கொண்டு வந்துட்டா? யூனிட்டெல்லாத்தையும் சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டில்ல பரப்பிட்டேன்.

அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். பொம்மையைக் கண்ட பிள்ளை மாதிரி ஆயிட்டாவ. ஒவ்வொண்ணாத் துடைச்சு, பாட்டை ஓட விட்டு, வலது காதுல சாய்ச்சுக் கண்ணை மூடிக்கிட்டாவ. அக்காவும் சிரிச்சா. கட்டில் ஓரத்துல உக்காந்து கொண்டை போட்டுக்கிட்டிருந்தா. கையிலேருந்த கொண்டை ஊசி துள்ளிப் போய் யூனிட்டுல டக்குன்னு ஒட்டிக்கிட்டு. அத்தான் அதைப் பிடுங்கி அவ தலையிலயே சொருகி விட்டாவ. வயசான காலத்துல பாத்தியாலன்னு அக்கா வெக்கப்பட்டா. வீடு பழைய வீடா ஆயிட்டு. இது யாரு செஞ்ச ஏற்பாடுன்னு மட்டும் யாரும் கேக்கல.

அதுக்கப்பறம் தினமும் அதே வேலைதான். மத்தியானம் சாப்பிட்டு யூனிட்டைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டே தூங்குவாவ.

கொஞ்ச நாள்ல தலைவலின்னாவ. அதுவும் ஒரு மாதிரித் தலைவலி. எந்திரிச்சு உக்காந்தா மண்டை பிளக்கும், படுத்தா விட்டுரும். அக்கா பயந்தா. நான்தான் தைரியம் சொன்னேன். ட்யூப் நல்லா இழுக்குதுல்லா, அதான் வலிக்கும், நல்ல குறின்னேன். தைலம் தேச்சு விட்டேன். வாந்தி எடுத்தாவ. நீ வச்ச மீன்கொழம்புதான்னு அக்காவைத் திட்டுனேன். அப்பறம் சதா தூக்கம். பேசிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு சொருகிரும். உழைச்ச உடம்பு, ஓய்வு கேக்குதுன்னேன்.

ஒருநாள் காலையில கட்டில்லேருந்து இறங்குனாவ. இடது கால் வரல. அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு அவளை, ‘நீ யாரு?’ன்னு கேட்டாவ.

கொடை முடியட்டும், ஒரு எட்டுப் போய்க் காட்டிருவோம்னு நான் சொன்னேன். அக்கா என்னைப் பாத்தா. எங்க அக்கா அதிகம் சத்தம் போடுத ஆளு இல்ல. ‘வண்டி கூப்பிடுதியா, நான் ரோட்டுல போய் நிக்கட்டுமா?’ அம்புட்டுதான் சொன்னா. வண்டி கூப்பிட்டேன்.

கிளம்புத அவசரத்துலயும் எனக்கு ஒரு யோசனை ஓடுச்சு பாருங்க. அத்தானுக்குப் பிடிச்ச சத்தம் காதுல கேட்டா முழிச்சுக்கிடுவாவன்னு, இருக்கதுலயே நல்ல யூனிட்டா ஒண்ணை எடுத்து மஞ்சப்பையில போட்டுக்கிட்டேன்.

ஸ்கேன் எடுத்துட்டு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டுனாவ. மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவுல ரத்தம் தேங்கி நிக்கு. தண்ணி அளவுக்கு மேல இறங்கிட்டாம். தண்ணி இறங்க இறங்க மூளை சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருக்கு. நடுவுல இருக்க சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் இழுபட்டுக் கிழிஞ்சு கசிஞ்சிருக்கு. ‘நான் வெச்ச அளவுக்கு இவ்வளவு தண்ணி போகக் கூடாதே’ன்னு டாக்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கிட்டாவ. அப்பறம் அத்தான் கட்டிலுக்கு வந்தாவ.

நான் அத்தான் தலைமாட்டுல பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அக்கா காலடியில நிக்கா. டாக்டரம்மா ஒரு வட்டமான கருவியை எடுத்தாவ. பள்ளிக்கூடத்துல திசை காட்டுதது வச்சிருப்பாவல்லா, அதே மாதிரி உள்ள முள்ளு ஆடும். அதைக் காதுக்குப் பின்னால வால்வு மேல வச்சா, எந்த அளவுல நிக்குன்னு காட்டுமாம். வச்சாவ. முள்ளு வால்வைக் காட்டாம வேற பக்கம் திரும்பி நிக்கு. எடுத்துட்டு மறுபடியும் வச்சாவ. மறுபடியும் அதே பக்கம். கருவிதான் கெட்டுப் போச்சோன்னு தட்டிப் பாத்தாவ.

‘வீட்ல காந்தம் ஏதாவது கிட்ட கொண்டு போனீங்களா?’ன்னு கேட்டாவ. நான் அடிச்சுச் சொன்னேன். எங்க வீட்ல ஏதும்மா காந்தம், நாங்க மைக்செட்டு வச்சுப் பிழைக்குத ஆளுகன்னேன்.

டாக்டரம்மா கருவியைக் கையில வச்சுக்கிட்டு, முள்ளு காட்டுத பக்கமாவே மெல்ல நகந்தாவ. தலகாணியைத் தாண்டி, கட்டில் கம்பியைத் தாண்டி, நேரா என் மடிக்கு வந்தாவ. பைக்கு மேல முள்ளு கிறுகிறுன்னு சுத்துது.

‘பையில என்ன?’

‘யூனிட்டும்மா’ன்னேன்.

‘யூனிட்டுன்னா?’

யூனிட்டுன்னா யூனிட்டுதானே. அதுக்குள்ள அக்கா கையைத் தலைக்குக் கொண்டு போய்க் கொண்டை ஊசியை உருவுனா. வந்து பை மேல அதைப் போட்டா. மஞ்சப்பைத் துணி மேலயே அது எந்திரிச்சு நட்டுக்க நின்னுட்டு.

டாக்டரம்மா என்னையவே பாத்தாவ. ‘இதை எங்க வெச்சிருந்தாரு?’ அக்காதான் பதில் சொன்னா. ‘காதுல வச்சுத்தான் தூங்குனாவ. காந்தம் ஆகாதுன்னு எனக்கு யாரும் சொல்லலியேம்மா.’ ‘டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொன்னேனே’ன்னு டாக்டரம்மா என் பக்கம் திரும்புனாவ. அன்னைக்கு எவ்வளவு சொன்னாவ அண்ணாச்சி, அதுல இதுவும் ஒண்ணு.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நான் அந்த யூனிட்டைக் கொண்டு போகலைன்னா அந்தம்மாவால கண்டுபிடிச்சிருக்க முடியுமா? ரத்தத்தை எடுத்துட்டு அனுப்பியிருப்பாவ, அத்தான் மறுபடியும் போய் யூனிட்டைக் காதுல வச்சிருப்பாவ, மறுபடியும் ரத்தம் வந்திருக்கும். இதை அக்காவுக்கு நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவ பையைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய செருப்பு தைக்குறவர்கிட்ட குடுத்துட்டு வந்தா.

வால்வைப் பாத்தா, தண்ணி ரொம்பப் போகுத அளவுக்குத் திரும்பிக் கெடந்துருக்கு. கருவியை வச்சுக் குறைச்சு விட்டுட்டு, மண்டையில துளை போட்டு ரத்தத்தை இறக்கணும்னு உள்ள கொண்டு போயிட்டாவ. நானும் அக்காவும் வெளிய பெஞ்சில உக்காந்திருந்தோம். அவ அந்தக் கொண்டை ஊசியையே கையில வச்சு உருட்டிக்கிட்டிருந்தா. எங்கப்பா செத்தப்பறம் என்னைக் கூட்டி வந்து வளத்தவுக அத்தான். எனக்கு முதல் முதல்ல பேண்ட் தச்சுக் குடுத்தவுக. அந்த மனுசன் போயிட்டா நான் யாருகிட்ட திட்டு வாங்குவேன்? வாய் விட்டு அழுதுட்டேன் அண்ணாச்சி. அக்கா என் பக்கம் திரும்பல. ஆனா அவ தண்ணி பாட்டிலை என் பக்கமா நகத்தி வச்சா.

சாயங்காலம் போலக் கண்ணு முழிச்சாவ. நானும் அக்காவும் பக்கத்துல நிக்கோம். அக்காவைப் பாத்து, ‘உலகு, சாப்பிட்டியா?’ன்னு கேட்டாவ. அவ அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி பொங்கிப் பொங்கி அழுதா. அப்பறம் என்னைப் பாத்தாவ. ‘ஏல, கொடைக்கு யாரு மைக்கு?’

‘நான்தான் அத்தான்’னேன்.

‘அப்ப நான் இன்னுங் கொஞ்ச நேரம் மயங்கிக்கிடுதேன்’னு கண்ணை மூடிக்கிட்டாவ. நர்ஸு பிள்ளை சிரிச்ச சிரிப்பு வார்டு பூராவும் கேட்டுது.

கொடைக்குள்ள வீட்டுக்கு வந்துட்டோம். அக்கா செட்டைச் சுத்திக் கோலமாவுல ஒரு கோடு போட்டா. அத்தான் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, யூனிட்டு கோட்டைத் தாண்டி வரக் கூடாது. கொடை அன்னைக்கும் அதே மாதிரிதான். வேப்பமரத்தடியில சேரைப் போட்டு அத்தானை உக்கார வச்சு, மைக்கை நீளக் கம்பியில கட்டி வாய்க்கு நேரா மட்டும் நிப்பாட்டிட்டா. டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டுக்கிட்டுத்தான் அம்புட்டும் செஞ்சா. அத்தான் தொண்டையைச் செருமிக்கிட்டு ஊருக்கே அறிவிச்சாவ பாருங்க. ‘பக்தகோடிகளுக்கு வணக்கம். பூசை இன்னும் சற்று நேரத்தில் ஆரம்பமாகும். தெக்குப் பக்கத்துக் குழாய் கரகரங்குது. என் மச்சினன் ஆவுடையப்பன் எங்கிருந்தாலும் அதைக் கழட்டவும்.’ சனம் கொல்லுன்னு சிரிச்சுது. பாக்ஸ் செட்டுக்குச் சொல்லுவோமான்னு கேட்டவனுவளும் சிரிச்சானுவ. நான் மரத்துல ஏறிக் கழட்டுனேன். எனக்கு அப்ப இருந்த சந்தோசத்துக்கு இன்னும் ரெண்டு மரம் ஏறியிருப்பேன்.

இப்ப நல்லா இருக்காவ. நடக்காவ, சாப்பிடுதாவ, திட்டுதாவ. எனக்குத்தான் ஒரே ஒரு மனக்குறை. எங்க அக்கா என்ன செய்யுதா தெரியுமா? நான் வீட்டுக்குள்ள நுழையணும்னா வாசல்ல நிப்பாட்டிருவா. அந்தக் கொண்டை ஊசியை ஒரு நூல்ல கட்டி நிலையில தொங்க விட்டிருக்கா. அதை எடுத்து என் சட்டைப்பை, வேட்டி மடிப்பு, கையில இருக்க பை, எல்லாத்துக்கு நேராவும் பிடிச்சுப் பாக்கா. ஊசி ஆடாம நின்னாத்தான் எனக்குக் காப்பி. பால்காரன் வாரான், கேஸ் சிலிண்டர்காரன் வாரான், அவனுவளுக்கெல்லாம் சோதனை கிடையாது. கூடப் பிறந்தவனுக்குத்தான். அத்தான் உள்ளேருந்து, ‘நல்லாத் தேடு உலகு, வாயிலயும் பாரு’ம்பாவ. இம்புட்டும் செஞ்ச மனுசனுக்கு இதான் மரியாதை.

அதனால உங்களுக்குச் சொல்லுதேன். அம்மாவை நீங்கதான் சூதானமாப் பாத்துக்கிடணும். போனை அந்தக் காதுல வைக்க விடாதிய. ரேடியோ, ஸ்பீக்கரு, பிள்ளைய விளையாடுத காந்தம், ஒண்ணையும் தலைமாட்டுல வைக்காதிய. தலைவலின்னா எவன் என்ன வைத்தியம் சொன்னாலும் கேக்காம அன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டு வந்துருங்க. சுத்தி இருக்கவன் ஒவ்வொருத்தனும் என்ன கொண்டு வாரான்னு பாக்கணும். சனங்களுக்கு விவரம் பத்தாது அண்ணாச்சி. தெரியாமக் கொண்டு வந்து பக்கத்துல வச்சிருவானுவ.

யூனிட்டுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேனே, அது என்ன தண்டி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே நீங்க ஒதுக்க முடியும்? இருங்க, காட்டுதேன். தெக்குப் பக்கத்துக் குழாய்க்குப் புதுசா வாங்கிட்டுப் போறேன். இந்தப் பையிலதான் இருக்கு. கொஞ்சம் கனம், உங்க மடியில வைக்கட்டுமா, நல்லாப் பாத்துக்…

ஏன் எந்திரிக்கிய? என் கையை ஏன் பிடிக்கிய அண்ணாச்சி, விடுங்க, கீழ விழுந்தா சவ்வு போயிரும்.

அட.

ஆமால்லா.

ஒண்ணும் ஆயிருக்காது, ஒண்ணும் ஆயிருக்காது. காலடியிலதானே கெடந்துது, அம்மா தலை எங்க இருக்கு, என் கால் எங்க இருக்கு. சந்தேகமா இருந்தா டாக்டருக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுருங்க. இடது காதுல வச்சுப் பேசுங்க. இல்ல, அது அம்மாவுக்குத்தான், நீங்க எந்தக் காதுலயும் பேசலாம். அம்மாவை எழுப்பாதிய, நீங்க உக்காருங்க. நான் கடைசி சீட்டுக்குப் போயிருதேன். கண்டக்டரண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. ஏம்மா, அந்தக் கூடையை ஒதுக்கிக்கிடுங்க. இந்த பஸ்ஸுல வேற யாருக்கும் தலையில ட்யூப் கீயூப் இல்லியே?

இங்கன உக்காந்துட்டேன் அண்ணாச்சி. கேக்குதா? பாத்தியளா, இதுக்குத்தான் விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் பக்கத்துல இருக்கணும்ங்குறது. நான் மட்டும் இந்தக் கதையைச் சொல்லலைன்னு வைங்க, மூணாவது தடவை கேக்கும்போது இந்தப் பையை வாங்கி அம்மா தலைக்கு வச்சிருப்பிய.